கலவைக் கணக்கும் கார் வண்டியும்



பள்ளியிலே நீங்கள் கலவைக் கணக்குகள் போட்டிருப்பீர்கள். ஒரு பாத்திரத்தில் இத்தனை லிட்டர் பால் இருக்கிறது; அதில் நீர் இத்தனை பங்கு; இன்னும் எவ்வளவு பால் சேர்த்தால் இரண்டும் இன்ன விகிதத்தில் அமையும் என்று கேட்பார்கள். "பால்காரரைத் தவிர வேறு யாருக்கு ஐயா இந்தக் கணக்கு உதவும்?" என்று கடைசி வரிசையிலிருந்து குறும்புக்காரர் ஒருவர் கேட்பதும் உண்டு. 34 ஆண்டுகள் கணக்காசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய எனக்கு அக்கேள்வி புதிதன்று. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு ஏதோ ஒரு விடை கூறி வகுப்பை அமைதிப்படுத்தியிருக்கிறேன். உண்மையான விடை எனக்குக் கிடைத்தது ஓய்வு பெற்ற பின்னர்தான். அதுவும், வால்பாறை மலைப்பாதையில், கொதிக்கும் கார் வண்டியின் அருகே கைகட்டி நின்ற ஒரு நாளில் கிடைத்தது.

அக்கதையைச் சொல்வதற்கு முன், கார் எஞ்சினுக்கு நீர் எதற்கு என்பதைக் காண்போம்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அதனால் பிறக்கும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. ஏறத்தாழ அதே அளவு எஞ்சினின் உலோகச் சுவர்களைச் சூடாக்குகிறது. அச்சூட்டை அகற்றாவிட்டால் உலோகம் அளவுமீறி விரியும்; மசகெண்ணெய் கருகும்; எஞ்சின் இறுகி நின்றுவிடும். ஆதலின் சிலிண்டர்களைச் சுற்றிலும் சிறு கால்வாய்களை அமைத்து, அவற்றில் நீரை ஓடவிடுகிறார்கள். ஒரு பம்பு அந்நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சூடேறிய நீர் வண்டியின் முகப்பிலுள்ள ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்கள் பலவற்றின் வழியே பாய்ந்து, தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. தேன்கூடு போன்ற அமைப்புடைய ரேடியேட்டரை 1901-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கு வகுத்தளித்தவர் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியப் பொறியாளர்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தெர்மோஸ்டாட் என்ற வாயிற்காப்போன் ஒருவன் இருக்கிறான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அவன் கதவைச் சாத்திவிடுவான். நீரின் வெப்பம் 80, 90 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகே திறப்பான். இவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட இடருக்கு இவனும் ஒரு காரணம்.

வெப்பத்தைச் சுமந்து செல்வதில் நீருக்கு நிகரான பொருள் எளிதில் கிடைக்காது. எனினும் அதற்குக் குறைகள் மூன்று உண்டு. பூச்சியம் டிகிரியில் அது உறைந்து, ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து, தன்னை அடக்கியிருக்கும் உலோகத்தையே பிளந்துவிடும். 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, தன்னிலுள்ள உப்புகளைக் குழாய்ச் சுவரில் படியவைக்கும். இக்குறைகளுக்கு மருந்தாக வந்ததே எதிலீன் கிளைக்கால் என்ற நீர்மம். பிரெஞ்சு வேதியியல் அறிஞர் சார்லஸ் அடால்ஃப் வூர்ட்ஸ் 1856-இல் அதை முதலில் ஆக்கினார். மோட்டார் வண்டிக்கு அது வந்து சேர்ந்தது 1920-களில்; 1927-இல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. அதன் கொதிநிலை 197 டிகிரி. இன்று கடைகளில் "கூலண்ட்" என்று விற்கப்படும் பச்சை, சிவப்பு, நீல நிற நீர்மங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இதுவே. துருவைத் தடுக்கும் மருந்துகளையும் அதனோடு சேர்த்தே விற்கிறார்கள்.

"அப்படியானால் நீரை அறவே ஒழித்துவிட்டு, முழுவதும் கிளைக்காலையே ஊற்றிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கக்கூடும். இங்கேதான் இயற்கை ஒரு வியப்பை வைத்திருக்கிறது. தூய நீர் பூச்சியத்தில் உறைகிறது. தூய கிளைக்கால் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 13 டிகிரியில் உறைகிறது. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால், அக்கலவை பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 37 டிகிரி வரை உறைவதில்லை! தனித்தனியே எதற்கும் இல்லாத திறம் கலவைக்கு வந்துவிடுகிறது. உறைவது என்பது மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கி நிற்பது. இரு வேறு மூலக்கூறுகள் கலந்திருக்கும்போது ஒன்று மற்றொன்றின் வரிசையைக் கலைத்துக்கொண்டே இருப்பதால் அடுக்கு எளிதில் அமைவதில்லை.

மற்றொன்றும் உண்டு. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வெப்பம் வேண்டும். கிளைக்காலுக்கு 0.6 கலோரிக்கும் சற்றுக் குறைவே போதும். பாதிக்குப் பாதிக் கலவைக்கு ஏறத்தாழ 0.8 கலோரி வேண்டும். அதாவது, கிளைக்கால் கூடக்கூட வெப்பத்தைச் சுமக்கும் ஆற்றல் குறைகிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் எஞ்சினில் தொடக்கத்தில் தூய கிளைக்காலையே பயன்படுத்தினார்கள். பின்னர் 30 பங்கு கிளைக்காலும் 70 பங்கு நீரும் சேர்ந்த கலவைக்கு மாறினார்கள். எஞ்சின் முன்னிலும் குளிர்ந்து ஓடியது. மருந்தாயினும் அளவு வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

"எங்கள் ஊரில் பனிக்கட்டி உறைவதே இல்லையே, எங்களுக்கு இது எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. நமக்கு உறைநிலை பெரிதன்று. கொதிநிலையும் துருத்தடுப்புமே பெரியவை. பாதிக்குப் பாதிக் கலவை திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தை ஏற்றி வைப்பதால், வண்டிக்குள் அது 129 டிகிரி வரையிலும் கொதிக்காமல் தாங்கும். நீரோ அதே மூடியின்கீழ் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதித்துவிடும். துருத்தடுப்பு மருந்தோ கூலண்டில்தான் இருக்கிறது. கலவை நீர்த்தால் மருந்தும் நீர்த்துவிடும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்றபின், பிறர் ஓட்டிய பழைய சிறு கார் ஒன்றை வாங்கினேன். கூலண்டை மாற்றும் காலம் வந்தபோது, பணிமனைக்குப் போவானேன், நாமே மாற்றிவிடலாம் என்று துணிந்தேன். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து பழைய நீர்மத்தை வடித்தேன். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து வடித்தேன். நீர் தெளிந்து வரும்வரை இவ்வாறு மும்முறை அலசினேன். பிறகு கடையில் வாங்கி வந்த, பாதிக்குப் பாதி முன்பே கலந்த கூலண்டை விளிம்பு வரை ஊற்றி மூடினேன். கையேடு பாதிக்குப் பாதி என்றது. நான் ஊற்றியதும் பாதிக்குப் பாதி. இதில் என்ன பிழை இருக்க முடியும்? அன்று மாலை என் பேத்தியிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பள்ளி விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு, பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் புறப்பட்டேன். அம்மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பத்து வளைவுகளைக் கடந்திருப்போம். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி முன்மூடியைத் தூக்கினேன். உள்ளே நீர் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்ற பதற்றத்தில் என் கை ரேடியேட்டர் மூடியை நோக்கிச் சென்றது. பேத்தி என் தோளருகே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரே, தொடாதீங்க! பாப்பாவைத் தள்ளி நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கேட்டது. பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் அவர். அழுத்தத்தின்கீழ் 110, 120 டிகிரியில் நீர்மமாக அடங்கியிருப்பது, மூடி திறந்த கணத்தில் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும் என்பதை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அந்த ஓட்டுநர் கூவாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது. ஒரு மணி நேரம் ஆறவைத்து, குடிநீரை ஊற்றி, மெல்ல மலையிறங்கி ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் எங்கள் ஊர்ப் பணிமனைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். மெக்கானிக் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார்" என்று எழுந்து நின்றார். பார்த்த முகம், என் மாணவர். அவருடைய தேர்வுத்தாளும் எனக்கு நினைவு வந்தது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு 18. அத்தாளைக் கொடுத்தபோது, "உனக்கும் எண்ணுக்கும் இந்தப் பிறவியில் ஒட்டாது" என்று வகுப்பில் எல்லார் முன்னும் நான் சொன்ன சொல்லும் நினைவு வந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மலையிலே ஊற்றிய நீர் கலவாமல் காப்புத் தொட்டியில் தங்கியிருந்த பழைய கலவையில் ஒரு துளியை எடுத்து, சிறு குழல் போன்ற ஒரு கருவியின் கண்ணாடிமேல் வைத்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தார். ஒளி விலகும் அளவைக் கொண்டு கலவையின் விகிதத்தைக் காட்டும் கருவி அது. உறைநிலை பூச்சியத்துக்குக் கீழ் 37-ஐ ஒட்டி இருக்கவேண்டிய இடத்தில், 15 என்று காட்டியது. பிறகு குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்மண் போல் துரு. அதன்மேல் வெள்ளைப் படிவு. பம்பின் இதழ்கள் அரிக்கப்பட்டிருந்தன.

"சார், கலந்த கூலண்டைத்தானே ஊற்றினீர்கள்? சரி. எஞ்சினுக்குள் நின்றுபோன தண்ணீரைக் கணக்கில் சேர்த்தீர்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

நான் விடை சொல்லவில்லை. ரேடியேட்டரின் திருகைத் திறந்தால் ரேடியேட்டர் மட்டுமே காலியாகும். எஞ்சின் குளிர்ந்திருப்பதால் தெர்மோஸ்டாட் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. எஞ்சினின் கால்வாய்களிலும், வண்டிக்குள் வெப்பம் தரும் சிறு குழாய்களிலும் உள்ள நீர் அங்கேயே நின்றுவிடுகிறது. நான் காலிப் பாத்திரம் என்று எண்ணியது காலிப் பாத்திரம் அன்று.

இப்பொழுது எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கைப் போடுவோம். என் வண்டியின் மொத்தக் கொள்ளளவு, கையேட்டின்படி, 6 லிட்டர். மெக்கானிக் வடித்து அளந்தபோது வெளியே வந்தது மூன்றரை லிட்டர். ஆகவே உள்ளே நிற்பது இரண்டரை லிட்டர். அன்று அந்த இரண்டரை லிட்டரும் வெறும் கிணற்று நீர். அதன்மேல் நான் ஊற்றியது மூன்றரை லிட்டர் கலவை. அதில் கூலண்டு பாதி, அதாவது 1.75 லிட்டர். 6 லிட்டருக்கு 1.75 லிட்டர் என்றால் 29 விழுக்காடு. நான் 50 என்று நம்பியிருந்தது 29-ஆக இருந்திருக்கிறது. போதாததற்கு, அந்தக் கிணற்று நீர் பருப்பு வேகாத நீர். பருப்பை வேகவிடாத அதே சுண்ண உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் வெள்ளைப் படிவாக நின்றது.

சரியான வழி யாது? முன்பே கலந்ததை வாங்காமல், கலக்காத செறிவான கூலண்டை வாங்கவேண்டும். மொத்தக் கொள்ளளவில் பாதியான 3 லிட்டர் செறிவை முதலில் ஊற்றவேண்டும். எஞ்சிய அரை லிட்டர் இடத்தைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பவேண்டும். உள்ளே நிற்கும் இரண்டரை லிட்டரோடு இந்த அரை லிட்டர் சேர்ந்து நீரும் 3 லிட்டர் ஆகிறது. பாதிக்குப் பாதி! வண்டி முழுவதும் ஒரு பாத்திரம் என்று கொண்டால் கணக்கு தானாகவே நேர்ப்படுகிறது.

கலவை முன்பே நீர்த்திருந்தால் அதைத் திருத்தவும் ஒரு வழியுண்டு. 6 லிட்டரில் 30 விழுக்காடு கூலண்டு இருக்கிறது, 50 ஆக்கவேண்டும். எவ்வளவு வடித்துவிட்டு அதே அளவு செறிவை ஊற்றவேண்டும்? வேண்டிய விழுக்காட்டுக்கும் இருக்கும் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு 20. நூற்றிலிருந்து இருப்பதைக் கழித்தால் 70. 6-ஐ 20-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.7 லிட்டர். இவ்விடை எவ்வாறு வருகிறது என்பதைச் சமன்பாடாக எழுதிப் பார்ப்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அலசுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் 6-இல் இரண்டரைப் பங்கு உள்ளே தங்குகிறது. ஆகவே முதல் அலசலில் பழைய நீர்மம் 42 விழுக்காடாகும், இரண்டாவதில் 17, மூன்றாவதில் 7, நான்காவதில் 3. இது நீங்கள் படிக்கும் பெருக்குத் தொடரே. பழையது முற்றிலும் பூச்சியம் ஆவதில்லை. ஆயினும் மூன்று நான்கு அலசல்களில் பொருட்படுத்த வேண்டாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கடைசி அலசல்களையேனும் காய்ச்சி வடித்த நீரால் செய்யவேண்டும். உள்ளே தங்கப்போவது அந்த நீர்தானே!

வீட்டில் பெரியோர் இப்பணியைச் செய்யும்போது நீங்கள் உடன் நின்று உதவலாம். அப்பொழுது கருத வேண்டியவற்றைக் கூறுகிறேன்.

வண்டி சமதரையில் நிற்கவேண்டும். எஞ்சின் கைபொறுக்கும் அளவுக்கு முற்றிலும் ஆறியிருக்கவேண்டும். சூடான மூடியை எக்காரணம் கொண்டும் திறத்தல் ஆகாது. கையேட்டில் மொத்தக் கொள்ளளவையும், எவ்வகைக் கூலண்டு, என்ன விகிதம் என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம்முடையது போன்ற வெப்ப நாடுகளுக்கு வேறு விகிதம் கூறும் கையேடுகளும் உண்டு. உங்கள் வண்டிக்கு அதன் கையேடு சொல்வதே விதி. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறம் உற்பத்தியாளர் இட்ட சாயமேயன்றி வகையைக் காட்டும் உறுதியான அடையாளம் அன்று. வகை மாறிய மருந்துகள் கலந்தால் துருத்தடுப்புத் திறம் கெடும். கூழாக இறுகி அடைத்துக்கொள்வதும் உண்டு. புட்டியின்மேல் செறிவு என்றிருக்கிறதா, கலந்து ஆயத்தமானது என்றிருக்கிறதா என்பதை இருமுறை படியுங்கள். என் பிழை அவ்விடத்தில்தான் தொடங்கியது.

அலசும்போது வண்டியின் உள்வெப்பக் குமிழை முழுவதும் திறந்து வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிடவேண்டும். அப்போதுதான் நீர் எல்லா வழிகளிலும் சுற்றும். எஞ்சின் ஆறியபின் வடிப்பதை அளவுக்கோடுள்ள வாளியில் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதுவே தலையாய பணி. வெளியே வந்ததை அளந்தால்தான் உள்ளே நிற்பது தெரியும். மொத்தத்தில் பாதிகூட வெளியே வராவிட்டால், செறிவை மட்டுமே ஊற்றினாலும் பாதிக்குப் பாதி அமையாது. எஞ்சினின் வடிதிருகையோ அடிக்குழாயையோ மெக்கானிக்கைக் கொண்டு திறக்கவேண்டும். நிரப்புவதை மெல்ல நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேறியபின், ஆறவைத்து மீண்டும் அளவு பாருங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எதிலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, ஆனால் நஞ்சு. உடலுக்குள் சென்றால் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சுண்ணத்தோடு சேர்ந்து படிகமாகிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். வடித்ததை வாசலிலோ சாக்கடையிலோ ஊற்றினால், இனிப்பென்று நக்கும் தெருநாயும் கன்றும் மடியக்கூடும். மூடியுள்ள கலனில் பெயரெழுதி வைத்து, பழைய நீர்மங்களை ஏற்கும் பணிமனையில் ஒப்படைக்கவேண்டும். குடிநீர்ப் புட்டியில் அதை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தப்பித்தவறி எவரேனும் பருகிவிட்டால், ஒரு நொடியும் தாழ்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பம்பும் குழாய்களும் மாற்றி முடிந்த அன்று, பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த மாணவரிடம் ஒரு சொல் சொன்னேன். "ஒன்பதாம் வகுப்பில் உன்னைப்பற்றி நான் சொன்னது தவறு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்குக் கணக்கு இன்றும் வராது சார். வடித்ததை அளந்து பார்ப்பேன், அவ்வளவுதான்" என்றார்.

அவர் அறிந்ததை நான் அறிந்திருக்கவில்லை. பாடநூலில் கலவைக் கணக்கு வரும்போது, பாத்திரத்தில் முன்பே இருக்கும் நீரின் அளவை நூலாசிரியரே சொல்லிவிடுகிறார். 34 ஆண்டுகள் அப்படிப்பட்ட கணக்குகளையே நான் கரும்பலகையில் எழுதினேன். வாழ்க்கை தரும் கணக்கிலே அவ்வளவு சொல்லப்படுவதில்லை. நாமே அளந்து அறியவேண்டும். அடுத்த முறை வகுப்பில் பாலும் நீரும் கலந்த கணக்கு வந்தால், விடையை எழுதுமுன் ஒரு கணம் நின்று, "பாத்திரத்தில் முன்பே என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அக்கேள்வியைக் கேட்கக் கற்றவர் எவரோ, அவர் நூற்றுக்கு 18 வாங்கினாலும் கணக்கு அறிந்தவரே.